எழுபத்தெட்டில் ஒன்று குறைகிறது

1

இந்தக் கதையை நான் திருடினேன். யாரிடமிருந்து என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: என் அண்ணனிடமிருந்து. அவர் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, என்னிடமுள்ள மாற்றுச் சாவியால் கதவைத் திறந்து, மேசைமேல் இருக்கும் நீள நோட்டின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் போனில் படம் பிடித்து, வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் படித்து, அதிலிருந்து எழுதத் தொடங்கினேன். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காக அவர் கொடுத்த சாவி அது. தண்ணீரும் ஊற்றினேன், அதில் பொய் இல்லை.

நோட்டோடு நிற்கவில்லை. ஓர் அட்டையையும் எடுத்துக்கொண்டேன். கதை அந்த அட்டையைப் பற்றியது. இதில் ஒரு தங்கை வருவாள், அவள் நான்தான். 'அந்தத் தங்கை வேறு யாருமில்லை' என்று கடைசிப் பத்தியில் சொல்லி வாசகரைத் திடுக்கிட வைக்கும் வித்தை எனக்குப் பிடிக்காது. இப்போதிருக்கும் நிலைமையில் அதற்குத் தெம்பும் இல்லை.

2

தொடக்கங்கள்:

"அவர் மூன்று அட்டைகளை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார்." (குறையொன்றுமில்லை. ஆனால் யார் அவர், சீட்டாட்டமா, பணம் வைத்தா ஆடுகிறார் என்றெல்லாம் கேட்பீர்கள்.)

"மகள் இறந்து மூன்று வாரம் கழித்து அவர் மறுபடியும் விளையாட உட்கார்ந்தார்." (உண்மை. ஆனால் இப்படித் தொடங்கினால் நீங்கள் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்கள். அப்புறம் நான் எழுதுவதெல்லாம் அந்தக் கைக்குட்டைக்குத் தீனி போடும் வேலையாகிவிடும்.)

"ஒரு படகோட்டி இருந்தான். ஆற்றின் கடைசி ஊருக்கு ஒரு கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று அவனுக்கு" (இது அண்ணனுடைய தொடக்கம். என்னுடையவற்றைவிட நன்றாக இருந்ததால் பாதியில் நிறுத்திவிட்டேன்.)

சரி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

3

அண்ணனுக்கு ஒரு பெரிய மருத்துவமனையில், ஆபரேஷன் தியேட்டரில் வேலை. டாக்டரில்லை, நர்ஸில்லை, டெக்னீஷியன். கத்தி, கத்தரி, இடுக்கி, துணி எல்லாம் அவர் பொறுப்பு. அண்ணி, மகளுக்கு ஆறு வயதாகும்போதே வேறு வாழ்க்கை தேடிப் போய்விட்டார். கடைசியில் மகளைப் பார்க்க வந்தார், அழுதார், போனார். இந்தக் கதைக்குள் அவரை இழுக்க எனக்கு உரிமையில்லை.

மகளை நாங்கள் வாலு என்றுதான் கூப்பிடுவோம். பன்னிரண்டு வயதில் அவளுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். 'நான் கதவைத் திறக்கிறேன்', 'நான் ஓடி ஒளிகிறேன்' என்று ஒவ்வொருவரும் சொல்ல, பகடையை உருட்டி அது நடந்ததா இல்லையா என்று பார்ப்பார்கள். நாலைந்து பேருக்கு எங்கே போவது? அப்பனும் மகளுமாக இரண்டே பேர் ஆடினார்கள். அவள் நடத்துவாள், அவர் ஆடுவார். ஆறு வருஷமும் அவர் படகோட்டிதான். வேறு ஏதாவது ஆகித் தொலையேன் என்று அவள் கெஞ்சியும் மசியவில்லை.

[நானும் இரண்டு தடவை உட்கார்ந்தேன். எழுத்தாளராயிற்றே, பிரமாதமாக ஆடுவேன் என்று எதிர்பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் வாலு மேசையைத் தட்டினாள். "அத்தை, நீ சும்மா வர்ணிச்சுக்கிட்டே இருக்கே. இப்ப என்ன செய்யிறே, அதைச் சொல்லு" என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.]

4

பதினெட்டு வயதில் வாலு வேறு ஊருக்குப் படிக்கப் போனாள். போவதற்கு முன் அப்பாவுக்கு ஒரு தனியாட்டம் செய்து கொடுத்தாள். "நான் போயிட்டா நீ ஆள் தேட மாட்டே. சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பே" என்று சொல்லி, பதினாறு பக்கத்துக்கு விதிகள் எழுதி, நடுவில் பின் அடித்து, கூடவே ஒரு கட்டு டாரட் அட்டையும் வாங்கி வைத்தாள். எதிர்காலம் சொல்கிறவர்கள் விரித்து வைப்பார்களே, அந்தப் படம் போட்ட அட்டைகள். இனிமேல் அவளுக்குப் பதில் அட்டைகள் கதையை நடத்தும். விதிகளின் சுருக்கம் முதல் பக்கத்தில், அவள் கையெழுத்தில் இருக்கிறது:

மொதல்ல கட்டை எண்ணு. எழுபத்தெட்டு இருக்கணும்.

கலைச்சு மூணு எடு. மொத அட்டை, போற வழி. ரெண்டாவது, எதிர்ல வர்ற ஆள். மூணாவது, நீ இழக்கிறது.

என்ன நடந்துச்சுன்னு ஒரு பக்கம் எழுது. ரெண்டு வரி எழுதிட்டு ஏமாத்தினா செல்லாது.

அட்டையைத் திரும்பக் கட்டுல சேத்துடு. நாளைக்கு மறுபடியும் இதே மாதிரி.

பதிமூணாம் அட்டை வந்தா பயணம் முடிஞ்சுது. நோட்டை மூடு. எனக்குப் போன் பண்ணி முழுக்க வாசிச்சுக் காட்டு.

பதின்மூன்றாம் அட்டையில் ஓர் எலும்புக்கூடு வெள்ளைக் குதிரைமேல் வரும். அதன் பெயர் சாவு. அந்த விதிக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில், 'பயந்துடாதே, கதை முடிஞ்சுதுன்னு அர்த்தம், அவ்வளவுதான்' என்று எழுதியிருந்தாள்.

அவள் உயிரோடு இருந்தபோது அந்தக் குதிரை மூன்று முறை வந்தது. முதல் பயணம் பதினோரு நாள். இரண்டாவது நாற்பது நாள். அன்று அண்ணன் போனில் இரண்டரை மணி நேரம் வாசித்தார், அவள் நடுநடுவே கேள்வி கேட்டுக் குடைந்தாள். மூன்றாவது பயணம் இரண்டே நாளில் முடிந்துவிட்டது. "ரெண்டு நாள்தானா? இதுக்கெல்லாம் ஒரு போனாப்பா?" என்று சிரித்தாளாம். அந்தச் சிரிப்பை அண்ணன் எனக்குச் செய்து காட்டினார். நாலாவது பயணம் தொடங்கியது.

5

நாலாவது பயணத்தின் முப்பத்தோராம் நாளுக்கு மறுநாள், காலை பத்து மணிக்கும் பதினொன்றரைக்கும் நடுவே, வாலு அப்பாவுக்கு நாலு முறை போன் செய்தாள். தியேட்டருக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அது வெளியே லாக்கரில் இருந்தது. அவர் உள்ளே ஆறு மணி நேர ஆபரேஷன் ஒன்றில் நின்றுகொண்டிருந்தார். வெளியே வந்து போனைப் பார்த்தபோது விடுதித் தோழிகள் அவளை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்திருந்தாள். ரத்தத்தில் கிருமி ஏறியிருந்தது. மறுநாள் மாலை போய்விட்டாள். பத்தொன்பது வயது.

"ஒரு ரெண்டு மணி நேரம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா" என்று அங்கிருந்த டாக்டர் ஆரம்பித்தார். அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நான் பாதியில் விட்ட வாக்கியங்களுக்குக் கணக்கில்லை. ஆனால் அதைப்போல் ஒன்றை நான் எழுதியதில்லை.

அவளுடைய பொருள்களைக் கையெழுத்துப் போட்டு வாங்கியது நான். துணிப்பை, மூக்குக்கண்ணாடி, போன். பையையும் கண்ணாடியையும் அண்ணனிடம் கொடுத்தேன். போனை என் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். [ஏன் என்று இங்கே ஒரு வாக்கியம் இருந்தது. எடுத்துவிட்டேன்.]

மூன்று வாரம் கழித்து அண்ணன் வேலைக்குத் திரும்பினார். முதல் நாள் வேலை முடிந்து வந்ததும் கை கழுவி, மேசையில் உட்கார்ந்து, கட்டை எண்ணி, கலைத்து, மூன்று அட்டை எடுத்தார். நோட்டில் 'நாள் 32' என்று எழுதினார். நான் பக்கத்தில் இருந்தேன். சும்மா இருக்க முடியாமல் விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். கடைசி விதியைப் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. என்றைக்காவது ஒரு நாள் அந்தக் குதிரை வரும். வந்தால் இந்த மனுஷர் நோட்டை மூடிவிட்டுப் போனை எடுப்பார். விதி என்றால் அவருக்கு விதிதான்.

எழுதி முடித்து, டீ போட எழுந்து போனார். கட்டைப் பிரித்துக் குதிரையைத் தேடி எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். பால் பொங்குவதற்குள் வேலை முடிந்தது.

6

'அண்ணன் தன் உயிரை ஏதாவது செய்துகொள்வாரோ என்ற பயத்தில்தான் எடுத்தேன்.'

இந்த வரி முதல் படியில் இருந்தது. படிக்க நன்றாகவும் இருந்தது. அடித்துவிட்டேன், அடித்தது தெரியட்டும் என்று இங்கேயே விட்டிருக்கிறேன். உண்மை என்னவென்றால், அவர் போன் செய்தால் அது என் வீட்டு இழுப்பறையில் ஒலிக்கும். அதற்குப் பயந்துதான் எடுத்தேன்.

போனை அணைத்துப் போட்டுவிடலாமே என்பீர்கள். ஒரு தடவை அணைத்தேன். பிறகு யோசித்தேன்: அட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் அவர் சும்மாவே ஒரு நாள் கூப்பிட்டுப் பார்த்தால், 'நீங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது' என்று ஒரு பெண்குரல் சொல்லும். அது அவர் காதில் விழ வேண்டாம் என்று தோன்றியது. ஆகவே வாரம் தவறாமல் சார்ஜ் போடுகிறேன். ஒலிக்கக் கூடாது என்று நான் வேண்டிக்கொள்ளும் போனை, ஒலிப்பதற்குத் தயாராக நானே வைத்திருக்கிறேன். என் புத்தி அவ்வளவுதான்.

கதை நகராத நாட்களில் வாலுவின் ஆட்டத்தை நானும் ஆடிப்பார்த்தேன். என்னிடம் இருப்பது ஒரே அட்டை. அதைக் கலைக்கவும் முடியாது. போகிற வழி எது? குதிரை. எதிரில் வருவது யார்? குதிரை. நான் இழப்பது? குதிரைதான். எது வந்தாலும் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்பது விதி. எழுதினேன். நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அந்தப் பக்கங்களைத்தான்.

7

அண்ணனின் நோட்டில் படகோட்டி போய்க்கொண்டே இருக்கிறான். நூறாவது நாள், இருநூறாவது நாள். கடைசி ஊர் தள்ளித் தள்ளிப் போகிறது. மாதிரிக்கு ஒரு பக்கத்திலிருந்து, முதலில் அன்றைக்கு வந்த மூன்று அட்டைகளின் பெயர்:

'நாள் 140. வழி: எட்டுக் கோல். ஆள்: விளக்குப் பிடித்த கிழவர். இழப்பு: ஐந்து கிண்ணம். இன்று நீரோட்டம் வேகம். கரையில் ஒரு கிழவர் விளக்கோடு நின்றார். பட்டப்பகலில் எதற்கு விளக்கு என்று கேட்டேன். பழக்கமாகிவிட்டது என்றார். குடிதண்ணீர்க் குடங்களில் மூன்று கவிழ்ந்துவிட்டன. இரண்டு மிச்சம். போதும். அவள் இன்றும் கரையோரமாகவே வந்தாள்.'

இந்த 'அவள்'தான் எனக்கு இடைஞ்சல். பக்கத்துக்குப் பக்கம் வருகிறாள். பெயரில்லை, பேச்சில்லை. படகு போகும் வேகத்துக்குக் கரையில் நடந்துகொண்டே இருக்கிறாள். வலது கையை மூடியே வைத்திருக்கிறாள், ஒரு நாளும் விரிப்பதில்லை. எந்த அட்டையிலிருந்தும் அவள் வரவில்லை. அட்டையில் வந்தால்தானே ஆள்? விதியை இம்மியளவும் மீறாத அண்ணன் இவளை மட்டும் எங்கிருந்து கூட்டிக்கொண்டு வந்தார் என்று எனக்குப் புரியவில்லை.

தொழில்முறையில் யோசித்தேன். எதையும் செய்யாத பாத்திரம். கதையை நகர்த்தவுமில்லை, தடுக்கவுமில்லை. புதிதாக எழுதுகிறவர்கள் இப்படித்தான், பின்னால் உதவும் என்று ஒரு ஆளை நிறுத்தி வைத்துவிட்டு மறந்துவிடுவார்கள். என்னுடைய இரண்டாம் படியில் அவளை அடியோடு நீக்கிவிட்டேன். கதை கச்சிதமாகிவிட்டது என்று திருப்திகூடப் பட்டேன்.

8

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சாயங்காலம். நாலு மணிக்கு வர வேண்டிய அண்ணன் ஐந்தேகாலுக்கு வந்தார். நான் வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். சாவி என் பையில்தான் இருந்தது. அவர் வரும் நேரத்தில் நான் அதைப் பயன்படுத்துவதில்லை.

"என்ன எழுத்தாளரம்மா, வெளியவே உக்காந்துட்டே?" என்றபடி கதவைத் திறந்தார்.

"ஏண்ணே இவ்வளவு நேரம்?"

"துணி ஒண்ணு குறைஞ்சு போச்சு."

வயிற்றைத் திறப்பதற்கு முன்னால் ரத்தம் ஒற்றும் துணி இத்தனை, ஊசி இத்தனை, கருவி இத்தனை என்று எண்ணிச் சுவரிலுள்ள வெள்ளைப் பலகையில் எழுதுவார்களாம். தைத்து மூடுவதற்கு முன்னால் இரண்டு பேர் வாய்விட்டு எண்ண வேண்டும். இருபத்தாறு வருஷமாக அவர் அந்த இரண்டு பேரில் ஒருவர்.

"பத்து வரணும். ஒம்பதுதான் வந்துச்சு. மறுபடி எண்ணுனோம். ஒம்பது." கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, தேட வேண்டியதுதான். டாக்டரு கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு. தொட்டியைக் கவுத்து, மேசைக்கடியில தவழ்ந்து, நாப்பது நிமிஷம்."

"அதுவரைக்கும் அந்த ஆளு வயித்தைத் தொறந்துக்கிட்டா கெடந்தாரு?"

"கெடக்கத்தான் வேணும். எண்ணிக்கை சரியில்லாம மூடக்கூடாது."

"கெடைக்கலேன்னா?"

"கெடைக்கும். எங்க போயிடப் போவுது. உள்ள இருக்கிறவங்க யாருகிட்டயாச்சும்தான் இருக்கும்." மேசைக்கு வந்து உட்கார்ந்தார். "மயக்க மருந்து குடுக்கிற டாக்டரம்மா இருக்காங்கல்ல, அவங்க செருப்புக்கடியில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. எல்லாரையும் விட அதிகமாத் தேடுனதே அவங்கதான்."

"யாரும் திட்டலையா?"

"எதுக்குத் திட்டணும்? கெடைச்சா போதும்னு இருக்கும் அப்ப."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கட்டைப் பிரித்து, உதடு லேசாக அசைய, ஒவ்வொன்றாக எண்ணினார். எண்ணி முடித்து, நோட்டைத் திறந்து, பக்கத்தின் மேல் மூலையில் ஓர் எண்ணை எழுதினார். அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

77.

9

அந்த எண்ணை நான் முதல் முறையாகப் பார்க்கவில்லை. படம் பிடித்த எல்லாப் பக்கத்திலும் மேல் மூலையில் அது இருக்கிறது. அவர் தன் எடையைக் குறித்துவைக்கிறார் என்று நினைத்திருந்தேன். நாள் ஒன்றிலிருந்து முப்பத்திரண்டுவரை 78. முப்பத்துமூன்றிலிருந்து 77. மகளைப் பறிகொடுத்த மனுஷர், ஒரு கிலோ இளைத்திருக்கிறார் பாவம் என்று பரிதாபப்பட்டுக்கூட இருக்கிறேன். அதற்குப் பிறகு ஒரு வருஷமாக ஒரு கிலோகூட ஏறவுமில்லை இறங்கவுமில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

அண்ணனிடமிருந்து அட்டையைத் திருடிய நான், அவர் எதை எண்ணிச் சம்பளம் வாங்குகிறார் என்பதை மறந்துபோனேன். குதிரை, எலும்புக்கூடு, அதன் பொருள், அதன் குறிப்பு என்று என் புத்தி அந்தப் பக்கமே மேய்ந்துகொண்டிருந்தது. அது முதலில் ஓர் எண்ணிக்கை என்று தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்து முப்பத்துமூன்றாம் நாள் பக்கத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். முன்பும் படித்ததுதான்.

'இன்று ஒன்று குறைகிறது. கரையில் ஒருத்தி வருகிறாள். வலது கையை மூடி வைத்திருக்கிறாள். என்ன என்று கேட்கவில்லை. தரும்போது தரட்டும்.'

ஆக, மறுநாளே அவருக்குத் தெரியும். யார் என்றும் தெரியும். அந்த வீட்டுக்கு வருகிற ஒரே ஆள் நான். வரவே வராது என்று தெரிந்த அட்டைக்காக ஒரு மனுஷர் ஒரு வருஷத்துக்கு மேல் தினமும் எண்ணி, கலைத்து, மூன்று எடுத்து, ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார். மூடவும் முடியாது, எண்ணிக்கை சரியில்லை. திறந்தபடியே கிடக்கிறார்.

என்னை அவர் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டிருந்தார். பயனில்லாத பாத்திரம் என்று சொல்லி என்னை நீக்கியது நான்.

10

ஐந்தாம் பகுதியில் எடுத்துவிட்ட வாக்கியத்தை இப்போது வைக்கிறேன். கடைசியில் திடுக்கிட வைக்கும் வித்தை பிடிக்காது என்று சொல்லிவிட்டு, இத்தனை நேரமும் அதையேதான் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

வாலு அப்பாவை நாலு முறை கூப்பிட்டாள். அவர் எடுக்காததும் அத்தையைக் கூப்பிட்டாள். பதினொன்று நாற்பதுக்கு ஒரு முறை. பதினொன்று நாற்பத்தெட்டுக்கு ஒரு முறை. நான் அப்போது ஒரு கதையின் முதல் பத்தியைத் திருத்திக்கொண்டிருந்தேன். எழுதும்போது போனைச் சத்தமில்லாமல் ஆக்கிக் கவிழ்த்துவைப்பது என் வழக்கம். இரண்டாவது முறை அது மேசைமேல் லேசாக அதிர்ந்தது. எனக்குத் தெரிந்தது. யாராயிருந்தாலும் அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்தப் பத்தியையும் பிறகு தூக்கிப் போட்டுவிட்டேன்.

அவள் போனில் அந்த இரண்டு அழைப்பும் 'அத்தை' என்ற பெயரோடு இருக்கின்றன. அதனால்தான் போனை அண்ணனிடம் கொடுக்கவில்லை. என் போனிலிருந்து அன்றைக்கே அழித்துவிட்டேன்.

நான் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் சொல்லப்போவதில்லை. டாக்டரும் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. ஆனால் அண்ணன், "நான் எடுக்கலம்மா. நாலு தடவை கூப்பிட்டிருக்கா, நான் எடுக்கல" என்று என் தோளில் சாய்ந்து அழுதபோது, நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். "நீ என்னண்ணே பண்ணுவே, உள்ள இருந்தே" என்று ஆறுதல் சொன்னேன். அந்தப் பழியை அவர் ஒருவரே சுமக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நான் எழுதிய எந்த வில்லனையும் இவ்வளவு அமைதியாக ஒரு காரியம் செய்ய வைத்ததில்லை.

11

முடிவுகள். உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்ல ஆசைதான்.

அ) தங்கை யாருக்கும் தெரியாமல் அட்டையைக் கட்டில் செருகிவிடுகிறாள். அண்ணன் மறுநாள் 78 என்று எழுதுகிறார். எதுவும் கேட்கவில்லை. ஒரு மாதமோ இரண்டு மாதமோ, என்றைக்காவது குதிரை வந்துவிடும். நோட்டை மூடுகிறார். தங்கையின் இழுப்பறையில் போன் ஒலிக்கிறது. அவள் எடுப்பாளா? (இந்தக் கேள்விக்கு அவள் ஒரு தடவை பதில் சொல்லியாகிவிட்டது.)

ஆ) தங்கை அட்டையைக் கையிலேயே கொடுக்கிறாள். போனையும் கொடுக்கிறாள். "நாலு இல்லண்ணே. ஆறு" என்கிறாள். அவருடைய எண்ணிக்கை சரியாகிவிடுகிறது. அப்புறம் அவர் அவளை (அப்புறம் அவர் அவளை என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. கோபப்பட மாட்டார். எனக்குப் பயமே அதுதான். கதவைத் திறந்து விடுவார், டீ போடுவார், நான் போனதும் நோட்டில் அந்தப் பெண்ணை எழுதாமல் விட்டுவிடுவார். அவருக்கு என்னை விட்டால் ஆளில்லை. எனக்கும் அவரை விட்டால்.)

இ) ஒன்றும் நடக்கவில்லை. நோட்டு தீர்ந்தால் வேறு நோட்டு. (இதுதான் நடந்துகொண்டிருக்கிறது. இதை முடிவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.)

12

நேற்று போனேன். குதிரை என் பையில் இருந்தது. போகும் வழியெல்லாம் ஆ-வைத்தான் மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

அண்ணன் மேசையில் இருந்தார். முன்னைவிட இளைத்திருக்கிறார், நிஜமாகவே. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. கட்டை என் பக்கம் தள்ளினார்.

"இன்னைக்கு நீ எண்ணு."

எண்ணினேன். வாய்விட்டு எண்ணச் சொன்னார். நாற்பதைத் தாண்டியதும் வேகம் குறைந்தது. மெதுவாக எண்ணினால் கடைசி வராது என்பதுபோல் எண்ணினேன். வந்தது.

"எழுபத்தேழு" என்றேன்.

"சரியா?"

"சரி."

எழுதி வட்டம் போட்டார். மூன்று அட்டை எடுத்தார். எந்த அட்டைகள் என்று நான் பார்க்கவில்லை. பேனாவை மூடாமல் கையில் வைத்துக்கொண்டு, "படகு ஒரு துறையில நிக்குது. அவளும் வந்துட்டா. இவ்வளவு பக்கத்துல இதுவரைக்கும் வந்ததில்ல" என்றார். "நீ சொல்லேன். என்ன செய்யிறா அவ?" என்று கேட்டார்.

வாலு கேட்கிற கேள்வி. அதே மேசை. பையின் ஜிப்பைப் பிடித்துக்கொண்டு, துறையில் வெயில் எப்படி அடிக்கிறது, தண்ணீர் என்ன நிறம் என்று ஏதோ உளறினேன். அவர் முடிவுவரை கேட்டார். பிறகு குனிந்து எழுதினார். தலைகீழாக என்னால் படிக்க முடிந்தது. 'அவள் இன்றும் பேசவில்லை.'

"டீ குடிச்சிட்டுப் போ" என்றார். குடித்துவிட்டு வந்தேன்.

14

பன்னிரண்டுக்கு அடுத்துப் பதினான்கு வந்திருப்பதைக் கவனித்தீர்களா? கவனித்திருந்தால் நீங்கள் என் அண்ணன் ரகம். கவனிக்கவில்லை என்றால் என் ரகம்.

பதின்மூன்றாம் பகுதியை எழுதிவிட்டேன். ஒரு முழுப் பக்கம், விதிப்படி. அதை மடித்து அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறேன். அதில் இருப்பதை அண்ணனுக்கு முன் உங்களிடம் வாசித்துக் காட்டுவது முறையில்லை. அவரிடம் வாசிக்கிற தைரியம் எனக்கு இருந்திருந்தால், இந்தக் கதையே இருந்திருக்காது.

இப்போது மணி மூன்றரை. நாலு மணிக்கு அவர் வந்துவிடுவார். கை கழுவிவிட்டு உட்காருவார். என் மேசையில் இடப்பக்கம் அட்டை, வலப்பக்கம் வாலுவின் போன், நூறு சதவீதம் சார்ஜோடு. இத்தனை நாள் இழுப்பறைக்குள் கவிழ்ந்து கிடந்ததை எடுத்து நிமிர்த்தி வைத்திருக்கிறேன். இன்று முழுக்க நான் செய்த ஒரே காரியம் அதுதான். மற்றதெல்லாம் வர்ணனை. வாலு இருந்திருந்தால் எப்போதோ மேசையைத் தட்டியிருப்பாள்.

என்னால் முடியவில்லை. அட்டையை உங்களிடம் கொடுக்கிறேன். கரையோரமாக நடந்து வந்தவள் இனி நீங்கள்தான். படகு துறையில் நிற்கிறது. படகோட்டி எழுபத்தேழுவரை எண்ணிவிட்டு நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறார். அவர் கேட்க மாட்டார். உங்கள் வலது கை மூடியிருக்கிறது.

இப்போது என்ன செய்கிறீர்கள், அதைச் சொல்லுங்கள்.